ஒரு நொடிக்கு மேல் பேசாத பஸ்

ஜனவரி 6, செவ்வாய்

மில்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. முதல் எட்டுப் பக்கமும் அவர்களுடைய விளம்பரம். என் கணவர் கிருபா, "உனக்கு டைரி எழுதற பழக்கம் ஏது? குடு, மளிகை லிஸ்ட் எழுத ஆகும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே எழுத உட்கார்ந்துவிட்டேன். வனிதாமணிக்கு ரோஷம் அதிகம் என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை.

இன்று எனக்கு நல்ல நாள். எங்களுடையது ஆறே பேர் கொண்ட கம்பெனி, பீளமேட்டில் ஒரு மாடி அறை. பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றின் நாற்பத்து நான்கு பஸ்களிலும் நாங்கள் செய்த பெட்டியைப் பொருத்தியிருக்கிறோம். ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றி வருகிற பஸ்கள். ஒவ்வொரு பெட்டியும் நொடிக்குப் பத்து முறை, இங்கே இருக்கிறேன், இவ்வளவு வேகத்தில் போகிறேன், பிரேக் பிடிக்கிறேன் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். மற்ற பஸ்களின் பெட்டிகள் அதைக் கேட்டுக்கொண்டே வரும். முன்னால் போகிற பஸ் சட்டென்று நின்றால், பின்னால் வருகிற டிரைவர் கண்ணால் பார்ப்பதற்குள் அவருடைய பெட்டி கீச்சென்று கத்திவிடும்.

எல்லாப் பெட்டிகளும் பேசுவது ஒரே அலைவரிசையில். எத்தனை பஸ் பேசினால் அது தாங்கும் என்று அளந்து சொன்னது நான். நூறு செய்தியில் தொண்ணூற்றேழு புள்ளி நான்கு போய்ச் சேருகிறது. மில் ஆபீஸில் அந்த எண்ணைத் திரையில் போட்டதும் எங்கள் முதலாளி மோகனரங்கம் சார் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். மில் மேலாளர், "நூறு பஸ் வுட்டாலும் தாங்குமுங்களா?" என்றார். "தாராளமா" என்றேன். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் தாங்கும்.

ஜனவரி 9, வெள்ளி

மாவு புளித்துவிட்டது. தோசை ஊற்றிச் சமாளித்தேன்.

டிரைவர்களுக்குப் பெட்டியின் சத்தம் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மாமியார் நொணநொணப்பது மாதிரி இருக்கிறதாம். அதனால் மில்லில் கிடக்கிற கழிவுப் பஞ்சை உருட்டி ஸ்பீக்கர் ஓட்டைகளில் அடைத்துவிடுகிறார்கள். இன்று மூன்று பஸ்களில் கண்டுபிடித்தேன். ஸ்க்ரூ டிரைவரால் குத்தித்தான் வெளியே எடுக்க முடிந்தது, அவ்வளவு அழுத்தி வைத்திருக்கிறார்கள். மூன்று பேரையும் நிற்கவைத்துக் காய்ச்சி எடுத்தேன். மூன்று பேருமே முதலில் "நா வெக்கலீங்க" என்றுதான் சொன்னார்கள்.

ஜனவரி 12, திங்கள்

நால்ரோட்டுக்கு நேரில் போனேன். மதியம் இரண்டு இருபதுக்கு அங்கே ஒரு திருவிழா. காலை ஷிப்டு முடித்துப் பெண்களைக் கொண்டுபோகிற பஸ்களும், மதிய ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வருகிற பஸ்களும் அந்த ஒரே முக்கில் வந்து சேருகின்றன. பெட்டிக்கடை, செவ்வந்தி விற்கிற அம்மா, புழுதி. நாற்பத்து நான்கு பஸ்களும் கூப்பிடு தூரத்தில். என் பெட்டிக்கு இதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது.

முப்பத்தொன்றாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் வந்து நின்றார். பெயர் சென்னியப்பன். ஐம்பத்து நாலு வயது இருக்கும். மடிப்புக் கலையாத காக்கி.

"மேடமுங்க, ஒண்ணு கேக்கோணுமுங்க. இந்தப் பொட்டி காலி ரோட்டுல நல்லாத்தானுங்க பேசுது. இங்க நால்ரோட்டுக்கு வந்தா ஊமையாயிருதுங்க. இங்கதானுங்களே அது வேணும்?"

நான் மடிக்கணினியைத் திறந்து அவருடைய பஸ்ஸின் எண்ணைக் காட்டினேன். ஒன்பது நாளாகத் தொண்ணூற்றெட்டுக்குக் குறையவில்லை. நாற்பத்து நான்கிலும் அதிகம் அதுதான்.

"சென்னியப்பண்ணா, மில்லுலயே உங்க வண்டிக்குத்தான் காது நல்லாக் கேக்குது. ஸ்பீக்கர்ல இருக்கற பஞ்சை எடுத்துட்டுக் கேட்டுப் பாருங்க."

சுற்றி நின்ற டிரைவர்கள் ஹோவென்று சிரித்தார்கள். ஒருத்தர் விசில்கூட அடித்தார்.

"நா பஞ்சு வெக்கலீங்க" என்றார்.

"எல்லாரும் அதைத்தாங்ணா சொல்றாங்க" என்றேன். மறுபடியும் சிரிப்பு. அவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். நானும் ஏறி அந்த ஸ்பீக்கரைப் பார்த்திருக்கலாம். வெயில் கொளுத்தியது, எனக்குத் தலைவலி வேறு.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கிருபாவின் தம்பி குடும்பம் வந்தது. எட்டுப் பேருக்குச் சமைத்தேன்.

ஜனவரி 21, புதன்

நால்ரோட்டில் விபத்து. மதியம் இரண்டு இருபத்தாறு. பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸின் குறுக்கே ஒரு மொபெட் வந்திருக்கிறது; டிரைவர் அடித்துப் பிரேக் போட்டிருக்கிறார். பின்னால் வந்த பஸ் அதன் முதுகில் மோதிவிட்டது. மோதிய பஸ்ஸில் பதினோரு பெண்களுக்கு அடி. தெய்வானை என்ற பெண், முன்கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தவள், வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். நூல் அறுந்தால் விரலால் முடிச்சுப் போடுகிற வேலை அவளுடையது.

மோதியது முப்பத்தொன்று.

ஜனவரி 22, வியாழன்

மில் மேலாளரோடு போய் முப்பத்தொன்றைப் பார்த்தோம். பெட்டி கத்தவே இல்லை என்று சென்னியப்பன் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஸ்பீக்கரின் வாயில் பஞ்சு இருந்தது. போட்டோ எடுத்தேன். அறிக்கையில் 'ஸ்பீக்கரின் வாயில் பஞ்சு காணப்பட்டது' என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. கண்டதைத்தான் எழுதினேன்.

ஜனவரி 23, வெள்ளி

சென்னியப்பனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். பிப்ரவரி பத்தாம் தேதி விசாரணை. பஞ்சு வைத்தது உறுதியானால் வேலை போகும், லைசென்ஸை ரத்து செய்யவும் எழுதுவார்களாம்.

மோகனரங்கம் சாருக்கு இரண்டு நாளாகப் போயிருந்த உயிர் திரும்பி வந்தது. "நம்ம பேரு தப்பிச்சுது வனிதா" என்று ஆபீஸில் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். வடை ஆறிப்போயிருந்தது. இரண்டு சாப்பிட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

வீட்டில் ஒட்டடை அடித்தேன். மின்விசிறியைத் துடைத்தேன். மேலே ஏறி நின்று துடைக்கும்போது ஒன்று ஞாபகம் வந்தது. அதை எழுதிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

மில் வளாகத்தில் எதைத் தொட்டாலும் பஞ்சுத் தூசிதான். பஸ் கண்ணாடியில், சீட்டில், பெண்களின் தலையில், வேலை முடிந்து வந்தால் என் செருப்பில்கூட. முப்பத்தொன்றின் ஸ்பீக்கரில் இருந்ததும் அதுதான். போட்டோ எடுத்த பிறகு லேசாக ஊதினேன். பறந்துவிட்டது. அடைத்து வைத்த பஞ்சு ஊதினால் பறக்காது. ஒன்பதாம் தேதி ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் குத்தி எடுத்தவளுக்கு இது தெரியாதா?

மேலாளர் அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் ஊதியதை அவர் பார்க்கவில்லை.

ஆனால் பெட்டி கத்தியிருக்க வேண்டும். என் எண் அப்படித்தான் சொல்கிறது. கத்தியும் அவர் பிரேக் பிடிக்கவில்லை என்றால் தப்பு அவருடையதுதானே. பஞ்சு எப்படி இருந்தால் என்ன?

ஜனவரி 27, செவ்வாய்

ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு தெய்வானையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசல் வரை போனேன். உள்ளே அவள் இடது கையால் தலை சீவப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீப்பு நழுவி நழுவி விழுந்தது. பழத்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். யார் கொடுத்தது என்று கேட்டால் என்ன சொல்ல என்றாள் நர்ஸ். தெரிந்தவர்கள் என்று சொல்லச் சொன்னேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பொள்ளாச்சியில் கிருபாவின் பெரியப்பா மகன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். முந்நூறு பேருக்குச் சமையல், வந்தது ஐந்நூறு பேர். மூன்றாம் பந்தியோடு சோறு தீர்ந்துவிட்டது. நாங்கள் உட்பட நிறையப் பேர் மொய்யை வைத்துவிட்டுப் பசியோடு கிளம்பினோம். வாசலில் சமையல்காரர் பெரியப்பாவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எலையில உக்காந்தவங்க ஒருத்தராச்சும் கொற சொன்னாங்களா, கேட்டுப் பாருங்க."

கிருபாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆளு கெட்டிக்காரன். உக்காராதவங்க அவன் கணக்குலயே இல்ல பாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பசி என்று அவரிடம் சொன்னேன்.

பிப்ரவரி 2, திங்கள்

காலை ஏழு மணிக்கே ஆபீஸ் போனேன். எங்கே பார்க்க வேண்டும் என்று தேடவே இல்லை; கை நேராக அங்கே போனது. அப்படியானால் இது எனக்கு முன்பே தெரியுமா? அந்தக் கேள்வி பிறகு. முதலில் பார்த்ததை எழுதுகிறேன்.

ஜனவரி 21, இரண்டு இருபத்தாறு. முப்பத்தொன்றைச் சுற்றி நாற்பத்து மூன்று பஸ்கள் இருந்தன. அதன் பெட்டிக்குக் கேட்டது ஒன்பது பஸ்களின் குரல் மட்டுமே. அந்த ஒன்பதும் தெளிவாகக் கேட்டன. என் நிரல் அந்த ஒன்பதை வைத்து மதிப்பெண் போட்டது: தொண்ணூற்றெட்டு. மற்ற முப்பத்து நான்கையும் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஏனென்றால் நிரலில் ஒரு வரி இருக்கிறது: ஒரு நொடிக்கு மேல் குரல் வராத பஸ் தூரமாகப் போய்விட்டது, பட்டியலிலிருந்து நீக்கு.

பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸின் குரல் மோதலுக்குப் பதினோரு நொடி முன்னதாகவே முப்பத்தொன்றுக்குக் கேட்காமல் போயிருந்தது. இருபதடி முன்னால் போகிற பஸ், பெட்டியைப் பொறுத்தவரை ஊரிலேயே இல்லை. இல்லாத பஸ் பிரேக் போட்டால் எதற்குக் கத்தும்?

அந்த அலைவரிசை நொடிக்கு நானூறு செய்தி தாங்கும். நாற்பத்து நான்கு பஸ், தலைக்குப் பத்து, நானூற்று நாற்பது. பாழாவது கூடுதலாக வந்த நாற்பது மட்டும் இல்லை. எல்லோரும் இடம் கிடைக்காமல் ஒரே நேரத்தில் வாய் திறக்க, இரண்டு செய்தி மோதினால் இரண்டுமே பாழ். சேர்க்க வேண்டியவற்றையெல்லாம் சேர்த்து இன்று எண்ணினேன். நால்ரோட்டில் போய்ச் சேர்வது நூற்றுக்கு நாற்பத்தொன்று. நெரிசலில் முப்பத்தொன்றுக்குத்தான் எல்லாவற்றையும்விடக் குறைவாகக் கேட்கிறது. குறைவாகக் கேட்டதால்தான் அதற்கு மதிப்பெண் எல்லாவற்றையும்விட அதிகம். அவர் வந்து சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. அதைத்தான் நான் பத்துப் பேர் முன்னால் கேலி செய்தேன்.

இப்போது அந்தக் கேள்வி. அந்த வரியை எழுதியது நான், போன அக்டோபரில். அதற்கு முன் சோதனை ஓட்டத்தில் நிரல் எழுபத்தொன்று என்று காட்டியது. "இந்த நம்பரை வெச்சுட்டு மில்லுக்குள்ள கால் வெக்க முடியாதுங்க" என்றார் மோகனரங்கம் சார். உண்மையாகவே தூரம் போய்விட்ட பஸ்களையும் நிரல் தவறாக எண்ணுகிறது, அதை நீக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தூரம் போனது எது, பக்கத்திலேயே இருந்தும் கேட்காதது எது என்று பிரித்துப் பார்த்திருக்கலாம். ஒவ்வொரு பஸ்ஸும் எங்கே நின்றது என்ற பதிவு கையிலேயே இருக்கிறது. இரண்டு நாள் வேலை. வரியைச் சேர்த்ததும் எண் சட்டென்று தொண்ணூற்றேழைத் தாண்டியது. எப்படி ஏறியது என்று கேட்கவில்லை. அன்று கிருபாவுக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு போனேன்.

வெட்கமாக இருக்கிறது. இதைவிடப் பெரிய சொல் எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

சரிசெய்துவிட்டேன். கூட்டம் சேர்ந்தால் ஒவ்வொரு பெட்டியும் நொடிக்கு மூன்று முறை மட்டும் பேசும். ரோடு காலியானால் பழையபடி பத்து. அரை நாள்கூட ஆகவில்லை. மோதிய முப்பத்தொன்றைத் தவிர மற்ற நாற்பத்து மூன்று பஸ்களுக்கும் இங்கிருந்தபடியே அனுப்பினேன். குறிப்பில் 'வழக்கமான மேம்பாடு' என்று எழுதினேன். நால்ரோட்டில் போய் நின்று பார்த்தேன். எல்லாம் கத்த வேண்டிய நேரத்தில் கத்துகின்றன.

இனி யாருக்கும் அடிபடாது. அதுதானே முக்கியம்?

பிப்ரவரி 4, புதன்

மோகனரங்கம் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"செரி பண்ணீட்டீங்கல்ல?"

"பண்ணிட்டேன் சார்."

"அப்பறம் என்னங்க? இதை வெளிய சொன்னா ஆறு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துரும், உங்குளுதையும் சேர்த்து. அந்த டிரைவருக்கு நானே வேற மில்லுல சொல்லி வுடறேன். போதுமுங்களா?"

பஞ்சு வைத்தவர் என்று பெயர் வாங்கியவரை எந்த மில் எடுக்கும்? அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். சும்மா இருந்துவிட்டேன் என்று எழுதத் தோன்றியது. இல்லை, தலையை ஆட்டினேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

சென்னியப்பன் ஆபீஸுக்கே வந்துவிட்டார். காக்கி இல்லை, வெள்ளை வேட்டி சட்டை. சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் தேவலை.

உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மேடமுங்க, அந்தப் பொட்டி சத்தம் எந்த மாதிரிங்க? ரொம்பக் கீச்சுச் சத்தமுங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்து, சுருக்கம் போக நீவினார். "நேத்து பல்லடத்துல காது டாக்டருகிட்டப் போனனுங்க. கீச்சுச் சத்தம் ரண்டு காதுலயுங் கொஞ்சம் மந்தம்னு எழுதியிருக்காருங்க. வயசானா வாரதுதானாமுங்க. நீங்க படிச்சவங்க, மிசினு கணக்கு தப்பாதுன்னு சொல்றீங்க. நா சத்தம் வரலீன்னு அடிச்சுச் சொல்றேன். ரோசனை பண்ணிப் பார்த்தனுங்க. பொட்டி கத்தியிருக்கும். எனக்குத்தானுங்க கேக்காமப் போயிருக்கோணும்."

காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் உங்களைய எதுத்துப் பேசிப்புட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. அந்தப் புள்ள தெய்வானைகிட்டயும் போயிச் சொல்லீட்டு வந்துட்டனுங்க, எங்காதாலதான் உங்கையி போச்சு அம்மிணின்னு."

வெளி அறையிலிருந்து யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. அவர்தான் திரும்பிப் பார்த்து, "உங்களையத்தானுங்க கூப்புடறாங்க" என்றார். கூரியர்காரன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"ஒரே ஒரு ஒதவிங்க. காது கேக்கலீன்னு எழுதிக்கட்டுமுங்க, நானே கையெழுத்துப் போடறேன். பஞ்சு வெச்சேன்னு மட்டும் வேண்டாமுங்க. காது போனா அது வயசு. பஞ்சு வெச்சா களவாணித்தனமுங்களே. வண்டி நெறையப் பொம்பளப் புள்ளைகளை ஏத்திக்கிட்டு அதைச் செய்வனுங்களா?"

"பாக்கறேங்க" என்றேன். பார்க்கிறேன்! என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எழுந்து போகும்போது லேசாகச் சிரித்தார். "டாக்டரு சீட்டைக் காட்டினதுலருந்து வூட்ல எல்லாருங் கத்திக் கத்திப் பேசறாங்க. தண்ணி வேணுமான்னு கேக்கறது தெருக்கோடி வரைக்குங் கேக்குதுங்க. நா ஒண்ணுஞ் சொல்றதில்லீங்க."

அவர் டாக்டரிடம் போனது நேற்று, ஐந்தாம் தேதி. எனக்கு உண்மை தெரிந்தது இரண்டாம் தேதி.

பிப்ரவரி 7, சனி

துணி துவைத்தேன். கேஸ் சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

கிருபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கேட்டு முடித்துவிட்டு, "பத்தாந்தேதி நானும் கூட வரட்டுமா?" என்றார். நான் விசாரணையில் சொல்லத்தான் போகிறேன் என்று அவராகவே எடுத்துக்கொண்டுவிட்டார். அப்படி முடிவு செய்துவிட்டதாக நான் சொல்லவே இல்லை. பதினாறு வருஷம் கூட வாழ்ந்த மனிதர் என்னைப் பற்றி இவ்வளவு நல்லபடியாக நினைக்கிறாரே என்று கூசிப்போனேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மில்லின் கூட்ட அறை. மேலாளர், இரண்டு அதிகாரிகள், எங்கள் சார், சென்னியப்பன், கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி தெய்வானை, பின்வரிசையில் ஏழெட்டு டிரைவர்கள். உள்ளே போனதும் நானே எழுந்து முதலில் சொல்லிவிட வேண்டும் என்று வழிநெடுக மனப்பாடம் செய்திருந்தேன். மேலாளர் தண்ணீர் குடித்தார், மின்விசிறியைக் கூட்டச் சொன்னார். எழுந்திருக்க எத்தனையோ நேரம் இருந்தது. நான் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

சென்னியப்பனை முதலில் கூப்பிட்டார்கள். அவர் டாக்டர் சீட்டை மேசையில் வைத்தார். அதன்மேல் தன் லைசென்ஸை வைத்தார். "காது கேக்காதவன் வண்டி ஓட்டறது தப்புங்க. நானே குடுத்துட்டேன். பஞ்சு மட்டும் வெக்கலீங்க" என்றார். சொன்னதை டைப் அடித்து நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் எழுந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தொண்ணூற்றேழு புள்ளி நான்கு தப்பு, நாற்பத்தொன்றுதான் சரி என்று சொன்னேன். அக்டோபரில் சேர்த்த வரியைப் பற்றிச் சொன்னேன். ஸ்பீக்கரில் இருந்தது தூசி, ஊதினேன், பறந்தது, ஊதியதை எழுதாமல் விட்டேன் என்றேன். அன்று பெட்டி கத்தவில்லை, கத்தியிருக்கவே முடியாது என்றேன். மோகனரங்கம் சார் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் தெய்வானைதான் கேட்டாள்.

"பன்னெண்டாம் நம்பரு முன்னாடி போனது வண்டியில இருந்த எங்க அத்தனை பேரு கண்ணுக்குந் தெரிஞ்சுதுங்களே. உங்க பொட்டிக்கு மட்டும் அது இல்லாத வண்டிங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"அது உங்குளுக்கு எப்பங்க தெரியும்?"

"ரெண்டாந்தேதி."

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

பெட்டிகளைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பஞ்சுக் குற்றச்சாட்டு நீங்கியது. அதை எழுத்தில் வாங்கினேன். ஆனால் டாக்டர் சீட்டு மேசையில் இருக்கிறது. அது பொய் இல்லை. வயதுக்கு உரிய மந்தம் அவருக்கு உண்மையாகவே இருக்கிறது. அந்த வயது டிரைவர்கள் பாதிப் பேருக்கு இருக்கும், யாரும் போய்ப் பார்ப்பதில்லை. "சீட்டுன்னு ஒண்ணு கைக்கு வந்த பொறகு நா எப்பிடிங்க வண்டி குடுக்க முடியும்? நாளைக்கு ஏதாச்சும் ஆனா?" என்றார் மேலாளர். அதுவும் நியாயம்தான். சென்னியப்பனை ஷெட்டில் டயர் காற்றுப் பார்க்கிற வேலைக்குப் போட்டார்கள். மூன்றாம் தேதி நான் வாயைத் திறந்திருந்தால் அவர் அந்த டாக்டரிடம் போயிருக்கவே மாட்டார். இப்போதும் முப்பத்தொன்றை அவர்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். போய் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது அவர் முந்திக்கொண்டார்.

"வூட்டுக்கு ஒருக்கா வந்து சொல்றீங்களா மேடம்? நா போயிச் சொன்னா நம்ப மாட்டாங்க. மனசு ஆறாம நானாச் சொல்றேம்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். அவர் தலையசைத்தார். என்னைத் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

ஆபீஸ் சாவியையும் மடிக்கணினியையும் ஒப்படைத்தேன். ஐந்து பேரில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் பங்குக்கு அவர்கள் செய்தது சரி.

பிப்ரவரி 15, ஞாயிறு

கிருபா வண்டியில் கொண்டுபோய் விட்டார். தெருமுனையிலேயே நின்றுகொள்கிறேன் என்றார். சரி என்றேன், இது நான் தனியாகப் போக வேண்டிய இடம்.

ஓட்டு வீடு. சென்னியப்பனின் மனைவி மாராத்தாள் கதவைத் திறந்தார். பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியருகே அவர் குனிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பது அங்கிருந்தே தெரிந்தது. மாராத்தாள் உள்ளே திரும்பி, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்: "ஏனுங்க! மேடம் வந்திருக்கறாங்க! மேடம்!" எனக்கே காது அடைத்தது. அவர் தலையை மட்டும் நிமிர்த்தி, வாரேன் என்று கையைக் காட்டினார்.

மாராத்தாள் எனக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "முன்ன மாதிரி இல்லீங்க அவுரு. காது போனதுலருந்து பேச்சே கொறைஞ்சுபோச்சு. ஓட்டத் தெரியாம இடிச்சுப்புட்டு பொட்டி மேல பழி போட்டாருன்னு எங்கண்ணங்கூட ஏசீட்டுப் போனாருங்க. நானுந்தான் ஏசினேன்."

சொல்ல வேண்டியதையெல்லாம் வழியில் கோத்து வைத்திருந்தேன். கூட்ட அறையில் அத்தனை பேர் முன்னால் சொன்னதுதான். இங்கே அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கே கேட்டதோ இல்லையோ, அவ்வளவு சின்னக் குரலில் சொன்னேன்: "அன்னைக்கு நடந்தது அவர் காதால இல்லீங்க. அன்னைக்குப் பெட்டி கத்தவே இல்ல. தெரிஞ்சும் நான்தான் மறைச்சுட்டேன்."

மாராத்தாள் முன்னால் சாய்ந்தார். "என்னங்? ஒண்ணுமே கேக்கலீங்க."

பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

"எனக்குக் கேட்டுதுங்க மேடம்" என்றார் சென்னியப்பன், தொட்டியருகிலிருந்தே. "அவுளுக்குத்தான் கேக்கலியாமா. இன்னொருக்காச் சொல்லுங்க."

எழுந்து நின்றேன். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, முதலிலிருந்து சொன்னேன்.